ரோலண்ட் கரோஸ்

ரோலண்ட் கரோஸ் (6 அக்டோபர் 1888 – 5 அக்டோபர் 1918) பிரான்சு நாட்டின் முன்னோடி விமானிகளுள் ஒருவர். முதல் உலகப்போரில் பங்கேற்ற போர்விமானி. நடுநிலக் கடலை எங்கும் இறங்காமல் விமானத்தில் கடந்த முதல் மனிதர். பாரிசில் ஆண்டுதோறும் நடைபெறும் பிரெஞ்சு ஓப்பன் டென்னிசு போட்டியின் அரங்கம் இவர் பெயரைத் தாங்கியிருப்பதால், இவரை டென்னிசு வீரர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது தவறு.

இளமை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவில், செயிண்ட் டெனிசு நகரில் பிறந்தார். கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பெருமளவில் வாழும் தீவு அது. தந்தை வழக்கறிஞர். குடும்பம் சைகோனுக்குக் குடிபெயர்ந்தபின், படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். நுரையீரல் நோயிலிருந்து மீளச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர், பள்ளிகளுக்கு இடையிலான சைக்கிள் பந்தயத்தில் வெற்றியும் பெற்றார். 1909இல் ரீம்சு நகரில் நடந்த விமானக் கண்காட்சியைப் பார்த்த பிறகு அவர் மனம் வேறெதிலும் செல்லவில்லை.

கடலைக் கடந்தது

1913 செப்டம்பர் 23 அன்று தென் பிரான்சின் பிரெசூசு என்ற இடத்திலிருந்து மொரான்-சொல்னியே ஒற்றை இறக்கை விமானத்தில் தனியாகப் புறப்பட்டார். நடுவழியில் இயந்திரம் கோளாறு செய்தும் திரும்பவில்லை. ஏறத்தாழ 780 கி.மீ. தொலைவை 7 மணி 53 நிமிடங்களில் கடந்து துனீசியாவின் பிசெர்தாவில் இறங்கினார். சராசரி வேகம் மணிக்கு 100 கி.மீ. கூட இல்லை என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இறங்கும்போது தொட்டியில் 5 லிட்டர் எரிபொருளே மீதமிருந்தது.

விசிறியும் துப்பாக்கியும்

போர் தொடங்கிய காலத்தில் விமானங்கள் பெரும்பாலும் வேவு பார்க்கவே பயன்பட்டன. விமானி தனியாகப் பறந்து எதிரியைக் குறிபார்த்துச் சுட வேண்டுமானால், துப்பாக்கி அவர் பார்வைக்கு நேராக முன்னோக்கி இருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் விமானத்தை இழுத்துச் செல்லும் சுழல்விசிறி (புரொப்பெல்லர்) இருக்கிறது. நிமிடத்துக்கு 1,200 முறை சுழலும் இரண்டு அலகு கொண்ட விசிறி என்றால், துப்பாக்கி முனையை ஓர் அலகு நொடிக்கு 40 முறை கடக்கும். தன் குண்டே தன் விசிறியை உடைத்துவிடும்.

அலகு விலகும் நேரத்தில் மட்டும் சுடும் பொறியமைப்பை ரேமோன் சொல்னியே முயன்று பார்த்தார். தோட்டாக்கள் சில தாமதமாக வெடித்ததால் அது கைகொடுக்கவில்லை. எனவே அலகுகளில் ஆப்பு வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தும் வழியைக் கரோசும் அவருடைய இயந்திரப் பணியாளர் சூல் ஊவும் செம்மைப்படுத்தினர். அலகில் படும் குண்டுகள் தகட்டில் பட்டுச் சிதறும். மற்றவை இடைவெளியில் பாயும். முரட்டு வழிதான். ஆனால் பலித்தது. 1915 ஏப்ரல் 1 முதல் 18 வரை மூன்று செருமானிய விமானங்களை வீழ்த்தினார்.

அதே ஏப்ரல் 18இல் எதிரிப் பகுதியில் இறங்க நேர்ந்து சிறைப்பட்டார். விமானத்துக்குத் தீ வைத்தும் விசிறி முழுதாக எரியவில்லை. அது செருமானியர் கைக்குப் போயிற்று. சில மாதங்களில் ஆந்தனி ஃபொக்கரின் ஒத்திசைவுப் பொறி பொருத்திய விமானங்கள் நேசநாடுகளை நடுங்க வைத்தன. ஃபொக்கர் கரோசைப் பார்த்து நகலெடுத்தார் என்று எழுதுவோர் உண்டு, அது பொருந்தாது. கரோசின் தகட்டில் ஒத்திசைவு எதுவும் இல்லை. செருமானியரின் அவசரத்தைத்தான் அது தூண்டியது.

தப்புதலும் இறப்பும்

ஏறக்குறைய மூன்றாண்டுச் சிறைக்குப்பின் 1918 பிப்ரவரியில், அன்செல்ம் மர்சால் என்ற சக விமானியுடன் செருமானிய அதிகாரி வேடத்தில் தப்பி, நெதர்லாந்து வழியாகத் தாய்நாடு சேர்ந்தார். லெஜியன் டி ஹானர் விருதின் உயர்படி கிடைத்தது. கண்பார்வையும் குறைந்திருந்தது. ஓய்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ புதுவகை விமானங்களைப் புதிதாகக் கற்றுக்கொண்டு களத்துக்குத் திரும்பினார். அக்டோபர் 2இல் நான்காவது வெற்றி. மூன்று நாள் கழித்து, முப்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வூசியே அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். போர் முடிய ஐந்து வாரங்களே இருந்தன.

ஐந்து விமானங்களை வீழ்த்தியவரையே 'ஏஸ்' என்பது மரபு. ஆகவே கரோசை அப்படிக் குறிப்பிடும் நூல்கள் பிழைபட்டவை.

1928இல் டேவிசு கோப்பைப் போட்டிக்காகப் பாரிசில் புதிய அரங்கம் எழுந்தபோது, கரோசின் கல்லூரித் தோழர் எமில் லெசியே நண்பரின் பெயரைத்தான் சூட்டவேண்டும் என்று வற்புறுத்திப் பெற்றார். ரீயூனியன் தீவின் முதன்மை விமான நிலையமும் ரோலண்ட் கரோஸ் என்றே அழைக்கப்படுகிறது.