இரண்டாம் முறை நடை பழகுதல்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் சமதரை கிடைப்பதே அபூர்வம். லயத்திலிருந்து றோட்டுக்கு வரப் படி, பீலிக்குப் போக இறக்கம், பாடசாலைக்கு ஏற்றம். இன்று வீட்டுக்குத் திரும்பும்போது, தம்பி தங்கைகளே, ஒரு படியில் மிக மெதுவாக ஏறிப் பாருங்கள். முழங்கால் மடங்கும் அதே நொடியில் பாதத்தின் நுனியும் மேலே எழும். எழாவிட்டால் விரல் படியில் தட்டிக் குப்புற விழுவீர்கள். நுனியைத் தூக்கு என்று நீங்கள் காலுக்குச் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமலே மூளை சொல்லிவிட்டது.

பாரிசவாதம் வந்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் லயத்தில் இருந்தால் கவனித்திருப்பீர்கள். ஒரு கால் தரையை உரசிக்கொண்டு வரும். அல்லது மடங்காத காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் சுழற்றி வைப்பார். காலின் எலும்பில் குறையில்லை, மூளையின் கட்டளைதான் சரியாக வந்து சேர்வதில்லை. நரம்புகள் மூளையின் அடியில் பக்கம் மாறி இறங்குவதால், இடப்பக்க மூளை பழுதானால் வலக்கால் இழுக்கும். மரத்திலிருந்து விழுந்தோ வாகனத்தில் மோதியோ தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கும் இப்படி ஆகலாம்.

பாரிசவாதத்தில், மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. ஆகவே ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். தைலம் தேய்த்து விடியும்வரை பார்ப்போம் என்று பெரியவர்கள் சொன்னாலும் விடாதீர்கள்.

செத்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. பிறகு எப்படிச் சிலர் திரும்ப நடக்கிறார்கள்? மழைக்காலத்தில் பசறை றோட்டில் மண் சரிந்தால் ஆட்கள் தேயிலை மலைக்குள்ளால் சுற்றிப் போவார்கள். நாலு நாளில் அங்கே ஒரு தடம் விழும். மிஞ்சிய நரம்புகளைக் கொண்டு மூளையும் அப்படித்தான் மாற்றுவழி பிடிக்கிறது. ஆனால் ஆள் நடந்தால்தான் தடம் விழும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடோல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நடை பழகும் குழந்தைகளின் அடிகளை எண்ணி 2012இல் வெளியிட்டார்கள். மணிக்குச் சராசரி 2,368 அடிகள், 17 தடவை விழுதல்! நீங்களும் அப்படித்தான் பழகினீர்கள், நினைவில்தான் இல்லை. வட அமெரிக்காவில் பாரிசவாத நோயாளரின் பயிற்சிகளை எண்ணி 2009இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு தடவைப் பயிற்சியில் அவர்கள் வைத்தது சராசரி 357 அடிகள்தான். குழந்தைக்கு அது பத்து நிமிட வேலை.

காலம் கடந்துவிட்டது, இனி முடியாது என்ற பேச்சும் உண்டு. 1950களின் இறுதியில் பெட்ரோ பாக்-இ-ரிட்டா என்ற பேராசிரியருக்கு 65 வயதில் பாரிசவாதம் வந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், அப்பாவை முதலில் தவழ வைத்தார், பிறகு முழங்காலால் நகர வைத்தார், கடைசியில் நடக்க வைத்தார். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்களாம். பேராசிரியர் மறுபடி பாடம் நடத்தப் போனார். கொலம்பியாவில் மலையேறும்போது, 72 வயதில், மாரடைப்பால் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது, அதன் மேற்பகுதியிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கும் நரம்புகளில் 97 விழுக்காடு அழிந்திருந்ததைக் கண்டார்கள்.

ஒருவர் கதையை மட்டும் வைத்து விஞ்ஞானம் முடிவுக்கு வராது. பல ஆய்வுகளை அலசி, அமெரிக்க இயன்மருத்துவர்கள் 2020இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். பாதிப்பு வந்து ஆறு மாதம் தாண்டி, ஓரளவு நடக்கக்கூடியவர்களுக்கானது அது. அதன்படி, நடையின் வேகமும் தூரமும் கூட வேண்டுமானால் நடக்கத்தான் வேண்டும், அதுவும் இதயம் நன்றாகத் துடிக்கும் அளவுக்கு. உச்சத் துடிப்பில் 70 முதல் 85 விழுக்காடு என்பது கணக்கு. காலைத் தூக்கி வைக்கும் ரோபோக்களும், உடலைக் கயிற்றில் தாங்கி ஓடும் பட்டையில் நடக்கவிடும் இயந்திரங்களும் இவர்களுக்கு வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. என்னைக் கேட்டால், இயந்திரம் உழைத்தால் மூளை ஓய்வெடுக்கும்.

அந்த இயந்திரங்கள் லுணுகலையில் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. இதயத்தைத் துடிக்க வைக்க நம்மிடம் ஏற்றம் இருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர் எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் நாடியை மெதுவாக்குவதால் நாடியை எண்ணி மட்டும் முடிவு செய்யவும் முடியாது. பாசி பிடித்த படி, மழை நேரம் இரண்டும் கூடாது. பலவீனமான பக்கத்தில் ஒரு பெரியவர் கூட நடக்கட்டும். நுனி தொங்கும் பாதத்துக்குப் பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. லயத்து வாசலில் சமமான இடமாகப் பார்த்து 10 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். தாத்தா அதைக் கடக்கும் நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை வினாடி என்றால் வினாடிக்கு 0.8 மீட்டர், அந்த வேகம் உள்ளவர் வெளியே தாராளமாக நடமாடலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. வாரம் ஒருமுறை அளந்து, திகதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளை மறக்காமல் கொடுத்தனுப்புங்கள், இயன்மருத்துவருக்கு அது தேவைப்படும்.