114 ரன் அடிச்ச கேப்டனுக்கு கப் எப்படி? ஐபிஎல் வரலாற்றின் ‘பலவீனமான’ சாம்பியன் கேப்டன் யார்?

கிரிக்கெட் சீசன் வந்துட்டா நெல்லை டீக்கடைகளில் ஒரு பஞ்சாயத்து கண்டிப்பா உண்டு. “கப்பு ஜெயிச்சது அவரா, டீமா?” என்பதுதான் அது. ஒரு அண்ணாச்சி “தோனி இல்லாம சிஎஸ்கே ஏது வே?” என்பார். எதிர் பெஞ்சில் இருப்பவர் விடமாட்டார். “2021-ல அவரு அடிச்ச ரன்ன சொல்லும் வே, பாப்போம்” என்பார்.

இரண்டாவது ஆள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2021-ல் சென்னை அணி கோப்பையை வென்றபோது அதன் கேப்டன் 16 ஆட்டங்களில் எடுத்த மொத்த ரன் 114. அதிகபட்ச ஸ்கோர் வெறும் 18. அப்படியென்றால் பேட்டிங்கில் மிகவும் பலவீனமாக இருந்தும் கப் வாங்கிய ஐபிஎல் கேப்டன் தோனிதானா? எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

இதில் நெல்லைக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. 2008-ல் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ். அந்த நிறுவனத்தின் முதல் ஆலை எழும்பிய இடம், நெல்லையை அடுத்த தாழையூத்து சங்கர் நகர். டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கும் மைதானமும் அங்கேதான் இருக்கிறது. அதனால் சிஎஸ்கே பற்றிய வாக்குவாதம் இந்த ஊருக்கு ஒரு வகையில் வீட்டுச் சண்டை மாதிரி.

2021-ல் உண்மையில் என்ன நடந்தது?

அதற்கு முந்தைய ஆண்டு, 2020-ல், சிஎஸ்கே ஏழாவது இடத்தில் முடித்தது. பிளே ஆஃப் போகாமல் வெளியேறியது அதுவே முதல் முறை. 2021 சீசனின் முதல் ஆட்டத்திலேயே டெல்லிக்கு எதிராக தோனி டக் அவுட். சீசன் நடுவே ஜூலையில் அவருக்கு 40 வயது ஆனது.

சீசன் முடிந்தபோது அவருடைய கணக்கு இது: 16 ஆட்டம், 114 ரன், சராசரி 16.28, ஸ்ட்ரைக் ரேட் 106.54. ஃபினிஷர் என்று பெயர் எடுத்தவர் ஒரு பந்துக்கு ஒரு ரன்னைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக எடுத்திருக்கிறார்.

அதே அணியில் ருதுராஜ் கெய்க்வாட் 635 ரன், ஃபாஃப் டு பிளெசி 633 ரன். இரண்டு ஓப்பனர்களும் சேர்ந்து 1,268. கேப்டன் எடுத்ததைப் போல 11 மடங்குக்கும் மேல். இதைப் பார்த்தால் “டீம் அவரைத் தூக்கிச் சுமந்துச்சு” என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த பலவீனம் அணிக்கு எவ்வளவு செலவு வைத்தது?

டீக்கடையில் யாரும் போடாத கணக்கு இதுதான். அந்த சீசன் முழுக்க தோனி சந்தித்தது 107 பந்துகள். அதாவது 18 ஓவர்கூட முழுசா இல்லை.

அந்த 107 பந்துகளையும் 140 ஸ்ட்ரைக் ரேட்டில் ஆடும் ஒரு நல்ல வீரரிடம் கொடுத்திருந்தால் சுமார் 150 ரன் வந்திருக்கும். வித்தியாசம் 36 ரன். 16 ஆட்டங்களுக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு இரண்டு ரன் சொச்சம். சராசரியைப் பார்க்கும்போது பயங்கரமாகத் தெரியும் ஓட்டை, பந்துக் கணக்கில் பார்த்தால் சின்னதாகிவிடுகிறது. மேலே இறங்கியவர்கள் நின்று ஆடியதால், கீழே இருந்த பலவீனத்துக்கு அதிக வேலை வரவே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ரன்கள் எல்லா ஆட்டத்திலும் சமமாகக் குறைவதில்லை. ஒரே ஆட்டத்தில் மொத்தமாகக் கை விரித்துவிடும். அதற்கும் 2021-லேயே உதாரணம் இருக்கிறது.

ஒரே எதிரணி, ஒரே மைதானம், இரண்டு 18

அக்டோபர் 4, துபாய். டெல்லிக்கு எதிரான லீக் ஆட்டம். தோனி 27 பந்தில் 18 ரன். சிஎஸ்கே 20 ஓவரில் 136 மட்டுமே எடுத்தது. டெல்லி இரண்டு பந்து மீதம் வைத்து மூன்று விக்கெட்டில் ஜெயித்தது. அன்று கேப்டனின் மந்தமான பேட்டிங் தோல்விக்கு ஒரு காரணம் என்று சொன்னால் மறுக்க முடியாது.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 10. அதே துபாய், அதே டெல்லி. இந்த முறை முதல் குவாலிஃபயர். இலக்கு 173. 19-வது ஓவரின் முதல் பந்தில் 70 ரன் எடுத்திருந்த கெய்க்வாட் அவுட். அடுத்து ஜடேஜா வருவார் என்று எல்லோரும் பார்த்தால் இறங்கியது தோனி. கடைசி ஓவரில் 13 ரன் தேவை. டாம் கரன் வீசிய முதல் பந்திலேயே மொயீன் அலி அவுட். அதற்குப் பிறகு மூன்று பவுண்டரி, நடுவில் ஒரு வைட். ஆட்டம் முடிந்தது. தோனி 6 பந்தில் 18 நாட் அவுட்.

ஸ்கோர்கார்டில் இரண்டும் 18தான். ஒன்று ஆட்டத்தைக் கெடுத்தது, இன்னொன்று அணியை ஃபைனலுக்கு அனுப்பியது. சீசன் சராசரியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

ஃபைனலில்?

அக்டோபர் 15-ல் நடந்த ஃபைனலில் தோனி பேட்டிங்கே ஆடவில்லை. டு பிளெசி 86 அடிக்க, சிஎஸ்கே மூன்று விக்கெட்டுக்கு 192. அதுமட்டுமல்ல, கொல்கத்தா இன்னிங்ஸின் தொடக்கத்திலேயே வெங்கடேஷ் ஐயர் கொடுத்த கேட்சை தோனி விட்டார். ஐயர் அரைசதம் அடித்தார். 91 ரன் வரை கொல்கத்தாவுக்கு விக்கெட் விழவில்லை. ஷர்துல் தாக்கூர் ஒரே ஓவரில் இரண்டு பேரைத் தூக்கியதும் ஆட்டம் திரும்பியது. 27 ரன்னில் சிஎஸ்கே வெற்றி.

எதிரணி கேப்டன் இயான் மார்கனின் கதை இன்னும் மோசம். 17 ஆட்டத்தில் 133 ரன், சராசரி 11.08. ஒருவேளை கொல்கத்தா ஜெயித்திருந்தால் இந்த விவாதத்தில் தோனி பெயரே வந்திருக்காது. பேட்டிங்கில் தடுமாறிய இரண்டு கேப்டன்கள் மோதிய ஃபைனல் அது.

2023-ல் இன்னும் குறைவான ரன்னாச்சே?

ஆமாம். 2023-ல் தோனி எடுத்தது 104 ரன்தான். ஃபைனலில் மோகித் சர்மா பந்தில் முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்து கோப்பை வாங்கிக் கொடுத்தவர் ஜடேஜா.

ஆனாலும் 2023-ஐ 2021-க்குக் கீழே வைக்க முடியாது. அந்த 104 ரன்னை எடுக்க அவருக்குத் தேவைப்பட்டது 57 பந்துதான். ஸ்ட்ரைக் ரேட் 182-க்கும் மேல். கடைசியில் வந்து சில பந்துகளை மட்டும் ஆடுவது என்ற வேலையை எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகச் செய்தார். அந்த ஆண்டு இம்பாக்ட் பிளேயர் விதி வந்ததால் கூடுதலாக ஒரு பேட்ஸ்மேனை இறக்கவும் வழி இருந்தது. 2021-ல் அந்த வசதி கிடையாது. 11 பேரில் ஒரு இடம் என்றால் முழுசா ஒரு இடம்தான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. 2013 ஃபைனலில் தோனி 63 நாட் அவுட். அணி தோற்றது. 2021 ஃபைனலில் பேட்டே பிடிக்கவில்லை, 2023 ஃபைனலில் முதல் பந்திலேயே அவுட். இரண்டிலும் கப்.

போட்டியில் வேறு யார் இருக்கிறார்கள்?

கௌதம் கம்பீர், 2014: முதல் மூன்று இன்னிங்ஸிலும் டக் அவுட், நான்காவதில் ஒரு ரன். நான்கு இன்னிங்ஸில் மொத்தமே ஒன்று. ஆனால் பிறகு மீண்டு வந்து 335 ரன்னோடு சீசனை முடித்தார். கொல்கத்தாவுக்குக் கோப்பை. தொடக்கம் மோசம், முடிவு மோசமில்லை. பட்டியலில் இருந்து நீக்கிவிடலாம்.

ரிக்கி பாண்டிங், 2013: மும்பையின் கேப்டனாக ஆரம்பித்தார். ஆறு ஆட்டத்தில் 52 ரன். தானே ஒதுங்கிக்கொள்ள, ரோகித் சர்மா கேப்டனாகி கோப்பையை வாங்கினார். உலகக் கோப்பைகளை வென்ற கேப்டன் ரன் வரவில்லை என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார். “கேப்டன் என்பதற்காக இடம் தரணுமா?” என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

மைக் பிரியர்லி, இங்கிலாந்து: ஐபிஎல்லுக்கு வெளியே இந்த விவாதத்தின் தாத்தா இவர்தான். 39 டெஸ்டில் ஒரு சதம்கூட இல்லை, சராசரி 22.88. ஆனால் கேப்டனாக 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்விதான். 1981 ஆஷஸில் இங்கிலாந்து பின்தங்கி இருந்தபோது போத்தம் பதவி விலக, பிரியர்லியை மறுபடி கூப்பிட்டார்கள். அடுத்த ஹெடிங்லி டெஸ்டில் ஃபாலோ ஆன் ஆடியும் 18 ரன்னில் வெற்றி. பொறுப்பு இறங்கிய போத்தம் 149 நாட் அவுட், பாப் வில்லிஸ் 8 விக்கெட். தொடரை இங்கிலாந்து 3-1 என வென்றது.

அமெரிக்காவிலும் இதே பஞ்சாயத்துதான்

அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்றொரு பொசிஷன் உண்டு. தாக்குதலை நடத்துபவர், பந்தை எறிபவர் அவர்தான். ஜெயித்தால் மாலையும், தோற்றால் வசையும் அவருக்கே. “சாம்பியன் ஆனதிலேயே சுமாரான குவார்ட்டர்பேக் யார்?” என்பது அங்கே தீராத விவாதம். அடிக்கடி வரும் பெயர் பால்டிமோர் ரேவன்ஸின் ட்ரெண்ட் டில்ஃபர். 2001 ஜனவரி சூப்பர் பவுல் ஃபைனலில் அவர் 25 முறை எறிந்ததில் 12 மட்டுமே சரியாகப் போய்ச் சேர்ந்தது. அணி 34-7 என்று ஜெயித்தது. காரணம், அந்த சீசனின் 16 லீக் ஆட்டங்களில் 165 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்த தடுப்பாட்டம். அடுத்த சீசனுக்கு டில்ஃபரை அணி வைத்துக்கொள்ளவில்லை.

சிஎஸ்கே செய்தது நேர் எதிர்

இந்த விவாதத்தில் பணமும் ஒருவரின் வேலையும் இருக்கிறது என்பது புரிவது இங்கேதான். 2021 கோப்பைக்குப் பிறகு யாரைத் தக்கவைப்பது என்ற கேள்வி வந்தது. ஜடேஜா 16 கோடி, தோனி 12 கோடி, மொயீன் அலி 8 கோடி, கெய்க்வாட் 6 கோடி. 633 ரன் அடித்து, ஃபைனலிலும் 86 எடுத்த டு பிளெசிக்கு இடமில்லை. அவர் ஏலத்தில் 7 கோடிக்கு பெங்களூரு போனார். 114 ரன் எடுத்தவருக்கு 12 கோடி. அணி நிர்வாகத்தைப் பொறுத்தவரை கேப்டனின் விலை ரன்னில் இல்லை.

அது சரியான கணக்கா? 2022 சீசன் இரண்டு பக்கமும் பேசுகிறது. ஜடேஜா தலைமையில் முதல் எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. பொறுப்பு மறுபடி தோனியிடம் வந்தது. ஆனால் அவர் தலைமையில் ஆடிய ஆறில் வெற்றி இரண்டுதான். அந்த ஆண்டு தோனி எடுத்தது 232 ரன், 2021-ஐப் போல இரு மடங்கு. அணி முடித்ததோ ஒன்பதாவது இடத்தில். கேப்டன் நன்றாக ஆடினால் கப் என்பதும் பொய், தோனி கேப்டன் என்றாலே கப் என்பதும் பொய்.

சங்கர் நகரில் கிடைத்த பாடம்

2023 ஜூலை 12. டிஎன்பிஎல் ஃபைனல், சங்கர் நகர் மைதானம். சொந்த மண்ணில் நெல்லை ராயல் கிங்ஸ். அந்தத் தொடரிலேயே அதிக ரன் எடுத்தவர் நெல்லையின் அஜிதேஷ் குருசாமி, 385 ரன். ஆனால் கோவை 205 அடிக்க, நெல்லை 101 ரன்னில் சுருண்டது. தோல்வி 104 ரன் வித்தியாசத்தில்.

கோவையின் கேப்டன் ஷாருக் கான். பெரிய சிக்ஸர் அடிப்பவர் என்றுதான் அவரை ஊருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொடரில் அவர் முதலிடம் பிடித்தது விக்கெட் பட்டியலில், 17 விக்கெட். தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடிப் பக்கத்துக்கு டூட்டி பேட்ரியாட்ஸ் மூலம் முதல் டிஎன்பிஎல் கோப்பையே 2016-ல் வந்துவிட்டது. நெல்லை மட்டும் வாசல் வரை வந்து நின்றது. தொடரின் சிறந்த பேட்ஸ்மேனை வைத்திருந்தும்!

அப்போ தீர்ப்பு என்ன?

பேட்டிங்கை மட்டும் அளவுகோலாக வைத்தால், ஐபிஎல் கோப்பை வென்ற கேப்டன்களில் பலவீனமான சீசன் 2021 தோனியுடையதுதான். 2023-ல் ரன் குறைவு, ஆனால் வேகம் இருந்தது. 2021-ல் இரண்டும் இல்லை. எதிர் பெஞ்ச் அண்ணாச்சி சொன்னது சரி.

ஆனால் “அவர் இல்லாமலும் ஜெயிச்சிருப்பாங்க” என்று அடுத்த படிக்குப் போனால் அக்டோபர் 10 குறுக்கே நிற்கும். ஜடேஜாவை உட்கார வைத்துவிட்டுத் தானே இறங்கிய முடிவும், அந்த ஆறு பந்தும் எந்தச் சராசரியிலும் வராது. பலவீனமான சீசன் என்பது வேறு, பலவீனமான கேப்டன் என்பது வேறு. பாளையங்கோட்டை மைதானங்களில் அதிக ரன் அடிக்கும் பையனுக்கே கேப்டன் பொறுப்பைக் கொடுப்பதற்கு முன்னால் கோச்சுகள் ஒரு தடவை யோசிக்க வேண்டிய விஷயமும் இதுதான்.