இருண்ட திரை

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கடைக் கணக்கும், பிள்ளைகளின் பாடங்களும், ஊரிலுள்ள உறவினரின் நிழற்படங்களும் இன்று ஒரே மேசைக் கணிப்பொறியில் அடங்கியுள்ளன. ஒருநாள் விசையைத் தட்டுகிறோம். பெட்டியில் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டே நிற்கிறது. உள்ளிருந்தவை யாவும் போயின என்று மனம் கலங்குகிறது. அக்கலக்கத்தில், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடுங்கள்" என்று பழுது பார்ப்பவரிடம் கூறிவிடுவோரும் உண்டு. அதனால் நேரும் இழப்பே பெரிது.

காட்டும் உறுப்பு வேறு. காக்கும் உறுப்பு வேறு. நம் கணக்குகள் இருப்பது ஹார்டு டிஸ்கில். மின்சாரம் வந்தவுடன் கணிப்பொறி முதலில் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். அதன் பின்னரே டிஸ்கைப் படிக்கத் தொடங்கும். தயாரித்த நிறுவனத்தின் பெயர்கூடத் திரையில் தோன்றவில்லையெனில், தடை பெரும்பாலும் அதற்கு முன்னரே உள்ளது. அந்நிலையில் டிஸ்கை அழிப்பதால் திரை ஒளிரப்போவதில்லை; கணக்குகள் அழிவதுதான் மிச்சம்.

ஆகவே, வெளியிலிருந்து உள்ளே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். திரைக்குத் தனி மின்னிணைப்பு உண்டு. அதன் விளக்கு எரிகிறதா? 'சிக்னல் இல்லை' என்று திரை அறிவித்தால் திரை உயிருடன் இருக்கிறது. பெட்டியிலிருந்து செய்திதான் வரவில்லை. இரு முனைகளிலும் கம்பியைக் கழற்றி அழுத்திச் செருகுக. பெட்டியில் தனியாக கிராபிக்ஸ் அட்டை இருப்பின், கம்பியை அதிலேயே செருக வேண்டும். இயன்றால் வேறு கம்பியையோ வேறு திரையையோ இணைத்துப் பார்க்கலாம். விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் வந்தால் பொறி இயங்குகிறது. குறை பெரும்பாலும் திரையிலோ கம்பியிலோதான்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் திரை இருண்டிருப்பின், அடுத்து ஐயுற வேண்டுவது ரேம் என்னும் நினைவகத் தகடு. கடற்காற்றும், இடவப்பாதி மழையின் ஈரமும் நிறைந்த இந்நகரில், அதன் உலோக விளிம்பில் மாசு படிவது அரிதன்று. மின்னிணைப்பை முற்றிலும் நீக்கிய பின்பே பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்க. பிறகு தகட்டைக் கழற்றி, விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகள்களை நீக்கி, இருபுறமும் பூட்டு விழும்வரை செருக வேண்டும். இரு தகடுகள் இருப்பின் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். பொறி 'பீப்' ஒலி எழுப்பினால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொள்க. பழுது பார்ப்பவருக்கு அது நாடித்துடிப்புப் போன்றது.

எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் உயர்ந்த மின்னழுத்தம் தங்கியிருக்கும். சித்திரை, வைகாசியிலும், துலாவர்ஷக் காலத்திலும் இங்கு இடிமின்னல் மிகுதி. வானம் இருளத் தொடங்கும்போதே மின் செருகியையும், இணையக் கம்பியையும் கழற்றி வைப்பது நன்று. விசையை அணைப்பது மட்டும் போதாது.

இவ்வறிவு வல்லுநர்க்கே உரியதன்று. 1990இல் டெக்னோபார்க் தோன்றிய நகரம் இது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம், 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் வாயிலாக, உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கணிப்பொறியின் உறுப்புகளைப் பற்றியும் பயிற்றுவிக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதனைக் கற்றால், அயலூரில் உதவிக்கு ஆள் தேடி அலைவது குறையும்.

இறுதியாக ஒன்று. பழுது பார்க்கக் கொடுக்கும்போது, "டிஸ்கில் உள்ளவற்றை அழிக்கலாகாது" என்று சீட்டில் எழுதி வாங்குவோமாக. கணக்குகளுக்கு வேறொரு டிஸ்கில் படியெடுத்து வைத்தால், இருண்ட திரை நம்மை அச்சுறுத்தாது. பதறாத காரியம் சிதறாது என்பர். இதற்கும் அது பொருந்தும்.