கடலோரக் கான்கிரீட்டில் கம்பித் துரு: தடுப்பும் செப்பனிடலும்

முன்னுரை

கடலோரக் கட்டடங்களில் கம்பியின் போக்கிலேயே விரிசல் விழுவதும், பின்னர்க் கான்கிரீட் பெயர்ந்து விழுவதும் பரவலாகக் காணப்படும் குறைபாடுகளாகும். பெயர்ந்த இடத்தில் மட்டும் புதுக்கலவை பூசினால், சில ஆண்டுகளில் பூச்சின் ஓரத்திலேயே மீண்டும் விரிசல் தோன்றக்கூடும். இதற்கான காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

துருவின் தோற்றம்

நல்ல கான்கிரீட்டின் துளைகளிலுள்ள நீர் மிகுந்த காரத்தன்மை உடையது. அச்சூழலில் கம்பியின்மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் அதனைக் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்கும்போது அப்படலம் சிதைகிறது. கடலுப்பின் குளோரைடோ காரத்தன்மை குறையாத நிலையிலும் அதனைத் துளைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் உள்ளிருந்து பிளவுறுகிறது.

பூச்சு பயன்தராமை

துருப்பிடிக்கும் பகுதி நேர்மின்வாயாகச் செயல்பட்டு, அண்டைக் கம்பிக்கு எலக்ட்ரான்களை அளித்து அதனைக் காக்கிறது. புதுக்கலவை இட்டதும் அந்த நேர்மின்வாய் மறைகிறது. அண்டைப்பகுதி பாதுகாப்பை இழக்கிறது. அங்குக் குளோரைடு முன்னரே மிகுந்திருப்பின் துரு அவ்விடத்திற்கு இடம்பெயர்கிறது.

செப்பனிடும் முறை

சுத்தியலால் தட்டி, வெற்றொலி எழும் பகுதிகளை முதலில் கண்டறிதல் வேண்டும். பினாப்தலீன் கரைசல், காரத்தன்மை உள்ள இடத்தில் இளஞ்சிவப்பாகும். எனினும் அது குளோரைடைக் காட்டாது. ஆகவே, வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு அளவை ஆய்தல் இன்றியமையாதது. உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை அகற்றி, துருவை முற்றிலும் நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்த பின்னரே புதுக்கலவை இடப்பெற வேண்டும். ஓரங்களில் கம்பியுடன் துத்தநாக மின்வாய்களை இணைத்தால், கம்பிக்கு மாற்றாகத் துத்தநாகம் அரிபடும்.

தடுப்பு

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 : 2000, கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட்டையும், 45 மி.மீ. மூடுகனத்தையும், 0.45-க்கு மிகாத நீர்-சிமெண்டு விகிதத்தையும் வலியுறுத்துகிறது. கடல்நீர் தெறிக்கும் இடங்களுக்கு எம் 35 தரமும் 50 மி.மீ. மூடுகனமும் தேவை. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், வெப்பமும் வறட்சியும் மிக்க சூழலில் 10 நாள்களும் நீராற்றல் வேண்டும். வேலை எளிதாகக் கலவையில் கூடுதல் நீர் ஊற்றுவது, பிற்காலத்தில் உப்பு நுழையும் துளைகளைப் பெருக்கும்.

முடிவுரை

விரிசல் துருவின் பிந்திய அறிகுறியே. அது தோன்றும் முன்னரே அண்டைப்பகுதியிலும் குளோரைடு பரவியிருக்கக்கூடும். எனவே, செப்பனிட வேண்டிய எல்லையைப் பெயர்ந்த பரப்பைக் கொண்டன்றிக் குளோரைடின் பரவலைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும்.