கடற்பாசி: மருந்தானது எது, மாத்திரையாக விற்பது எது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குள் நுழைபவர்களின் கண் முதலில் தேடுவது வஞ்சிரத்தையும் வவ்வாலையும்தான். சங்கராவுக்கு அடுத்த இடம். மத்தி விலை குறைந்த மீன். விருந்தாளி வரும் நாளில் அதை யாரும் வாங்குவதில்லை. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு அமிலமோ அந்த மலிவு மீனில்தான் தாராளமாக இருக்கிறது.

அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி மத்தி தயாரித்தது அல்ல. கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் போன்ற நுண்பாசிகள் கடலில் மிதந்தபடி வெயிலையும் உப்பு நீரையும் கொண்டு அதை உருவாக்குகின்றன. அவற்றைத் தின்று வளரும் மத்தியும் காணாங்கெளுத்தியும் தங்கள் உடலில் அதைச் சேமித்து வைக்கின்றன. மீன் எண்ணெய் மாத்திரை என்று விற்பதும் மூலத்தில் பாசி எண்ணெய்தான்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு. மீனை விட்டுவிட்டு நேராகப் பாசியிடமே போகலாம். கிரிப்தகோடினியம் என்னும் கடல் நுண்பாசியைத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கும் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 எண்ணெயைக் குழந்தைகளுக்கான பால் பவுடரில் சேர்க்க அமெரிக்காவில் 2001-இல் வழி திறந்தது. இன்று மயிலாப்பூர் மருந்துக் கடையிலும் சைவ ஒமேகா-3 மாத்திரை கிடைக்கிறது. ஆனால் மாத்திரை போட்டால் மாரடைப்பு வராது என்று நம்பிவிடக் கூடாது. 25,871 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2018-இல் முடிவு வெளியான 'வைட்டல்' ஆய்வில், ஒமேகா-3 மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. வாரம் இரண்டு முறை மத்திக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு இந்த மாத்திரை தேவையே இல்லை.

கடற்பாசி மருத்துவம் என்ற பேச்சு முழுவதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பாசி உண்மையாகவே மருத்துவத்துக்குள் நுழைந்துவிட்ட இடங்கள் உண்டு. நுழைந்துவிட்டதாக விளம்பரம் சொல்லும் இடங்கள் அதைவிட அதிகம்.

குருசடைத் தீவிலிருந்து மண்டபம் வரை

சிந்தாதிரிப்பேட்டையை வளைத்து ஓடும் கூவத்தைத் தாண்டினால் எழும்பூர். அங்குள்ள அரசு அருங்காட்சியகம் 1927-இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு பற்றி ஓர் ஆய்வு வெளியீட்டைக் கொண்டுவந்தது. தீவின் தாவரங்கள் பற்றிய பகுதியை எழுதியவர் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்திய அவரை இந்தியப் பாசியியலின் தந்தை என்பார்கள். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி டயாட்டம் பாசிகளுக்கே தொகுதி தொகுதியாகப் படவிளக்க நூல்கள் வெளியிட்டார். மத்தி தின்னும் அதே டயாட்டம்தான்.

பெயர் சூட்டி வகைப்படுத்தும் வேலை சென்னையில் நடந்தது என்றால், பாசியைத் தண்ணீருக்குள் போய்ப் பறித்து வருவது மண்டபம் போன்ற ராமநாதபுரம் கடலோர ஊர்களின் பெண்கள். ஒரு கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் துடுப்பு போலக் கட்டிய தகடு. இவ்வளவுதான் அவர்களுடைய கருவிகள். மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொள்வார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கலாம். பழுப்பு நிறக் கட்டைக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கும். காய்ந்த பாசி மூட்டைகளில் பெரும்பகுதி மதுரை வட்டாரத்து ஆலைகளுக்குப் போகிறது.

மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் இன்னொரு பாசி, கப்பாபைகஸ், பிற்பாடு வந்தது. பெப்சி நிறுவனம் 2000-ஐ ஒட்டி அதன் வளர்ப்பை இங்கே பரப்பியதால் ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பெயராகிவிட்டது. 45 நாளில் அறுவடை. அதிலிருந்து கிடைப்பது கராஜீனன் என்னும் கூழ்ப்பொருள். அந்தப் பாசி மிதவையை விட்டு வெளியேறி, ஐயங்கார் எழுதிய அதே குருசடையின் பவளப்பாறைகளில் படர்ந்து உயிரினங்களை மூச்சுமுட்ட வைத்தது தனிக் கதை. மருந்தோ உணவோ, பாசியைப் பெருமளவில் வளர்க்கலாம் என்று பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நோன்பு நேரத்து இனிப்பும் காசநோய்க் கிருமியும்

ரம்ஜான் மாதத்தில் திருவல்லிக்கேணிப் பக்கம் பாலில் காய்ச்சி, துண்டு போட்டுத் தரும் கடல்பாசி இனிப்பைச் சுவைத்தவர்களுக்கு அகர் தெரியும். நோய்க்கு மருந்தாக அது ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. மலம் இளக உதவலாம், அவ்வளவுதான். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் அகர் இல்லாத மருத்துவத்தை நினைத்துப்பார்க்க முடியாது.

ஜெர்மனியில் ராபர்ட் கோஹின் ஆய்வகம் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலம். மனித உடலின் வெப்பம் 37 டிகிரி. அந்தச் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடும். போதாததற்கு, சில கிருமிகள் அதையே தின்றும் தீர்த்துவிடும். அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, வீட்டுச் சமையலில் ஜெல்லி உறைய வைக்கத் தாம் பயன்படுத்திய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அகர் ஏறக்குறைய 85 டிகிரியில்தான் இளகும். இளகிய பின் 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் முடியாது. 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த கோஹ், தம் ஆய்வுக் குறிப்பில் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஃபானியின் பெயர் அதில் இல்லை.

சிறுநீரில் கிருமி இருக்கிறதா, எந்த ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லும் என்று 'கல்ச்சர்' பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, அந்தச் சிறுநீர் போய்ச் சேர்வது அகர் ஊற்றிய தட்டில்தான்.

பல் அச்சு, ஆறாத புண், எதுக்களிப்பு

ஆல்ஜினேட்டின் கதை வேறு. இது நேரடியாக நோயாளியின் உடலைத் தொடுகிறது. பல் கட்டப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: தூளைத் தண்ணீரில் குழைத்து, ஒரு தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்துவார்கள், ஓரிரு நிமிடத்தில் ரப்பர் போல இறுகிவிடும். பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் கால்சியத்தைச் சந்தித்ததும் பின்னிப் பிணைந்து கெட்டியாகும் வித்தைதான் அது.

நீர் வடியும் புண்ணில் இதே வித்தை தலைகீழாக நடக்கிறது. கால்சியம் ஆல்ஜினேட் கட்டைப் புண்ணின் மேல் வைத்தால், வடியும் நீரிலுள்ள சோடியம் உள்ளே போகிறது, கால்சியம் வெளியே வருகிறது. கட்டு ஜெல்லாகிப் புண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. பிரிக்கும்போது சதையோடு ஒட்டிக்கொண்டு வலிப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்களுக்கும் இதைப் போடுகிறார்கள். மற்றக் கட்டுகளைவிட இது புண்ணை வேகமாக ஆற்றுகிறதா? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அறிக்கை, அதற்கு வலுவான சான்று இல்லை என்றது. வசதியானது, வலி குறைந்தது என்பது வரைதான் தைரியமாகச் சொல்லலாம்.

இரவில் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலுமாகத் தவிப்பவர்களுக்குத் தரும் சில இளஞ்சிவப்பு மருந்துகளிலும் ஆல்ஜினேட் உண்டு. வயிற்று அமிலத்தில் அது ஜெல்லாகிறது. கூட இருக்கும் சோடா உப்பிலிருந்து கிளம்பும் வாயுக் குமிழிகள் அந்த ஜெல்லை மேலே தூக்கி, கட்டுமரம் போல மிதக்க விடுகின்றன. அமிலம் மேலே ஏறி வரும் வழி அடைபடுகிறது. சாப்பிட்ட பிறகு குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். வெறும் வயிற்றில் அது சீக்கிரமே கீழே இறங்கிப் போய்விடும்.

சர்க்கரைக்குப் பாசி மாத்திரையா?

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம். இவ்வளவு பெரிய கூட்டம் இருக்கும் இடத்தில் 'இயற்கையான' மாற்று ஒன்று வந்தால் விற்காமல் போகுமா?

1947-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்து, இப்போது கொச்சியிலிருந்து இயங்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கடற்பாசிச் சத்துகளைக் கொண்டு 'கடல்மின்' என்ற பெயரில் வரிசையாக மாத்திரைகளை உருவாக்கியிருக்கிறது. மூட்டுவலிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று. அரசு ஆய்வகத்தில் வேதியியல் தெரிந்தவர்கள் செய்த வேலை; வாட்ஸ்அப்பில் வரும் கஷாயக் குறிப்போடு இதைச் சேர்த்துவிட முடியாது.

இதன் பின்னால் அறிவியல் காரணமும் இருக்கிறது. நாம் சாப்பிடும் சோற்றிலுள்ள மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைப் பழுப்புப் பாசியிலுள்ள ஃப்ளோரோடானின் என்னும் பொருட்கள் தடுப்பதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே மருந்துச் சீட்டில் எழுதப்படும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் வேலை செய்வதும் இந்த வழியில்தான்.

ஆனால் இவை விற்கப்படுவது மருந்து என்ற அனுமதியில் அல்ல. ஊட்டச்சத்துப் பொருள் என்ற அனுமதியில். வேறுபாடு பெயரில் மட்டும் இல்லை. மருந்து என்றால் பொதுவாக நோயாளிகளிடம், போலி மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுச் சோதித்துக் காட்ட வேண்டும். ஊட்டச்சத்துப் பொருளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டுப் பாசி மாத்திரைக்கு மாறுவதை எந்தச் சான்றும் ஆதரிக்கவில்லை.

கடைசிப் படியில் சறுக்கியவை

ஆய்வகக் குப்பியில் புற்றுச் செல்லைக் கொல்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டாலே செத்துவிடும். மனித உடலுக்குள் போய், கெட்ட செல்லை மட்டும் தேடிப் பிடிப்பதில்தான் கஷ்டம். 'கடற்பாசி புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்ற தலைப்புகளில் பெரும்பாலானவை குப்பியோடு நின்றுவிட்ட ஆய்வுகள்.

கராஜீனன் ஹெச்.ஐ.வி. கிருமியைத் தடுப்பதைக் குப்பியில் பார்த்து, பெண்களுக்கான ஒரு ஜெல்லைத் தயாரித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஆய்வில் பங்கேற்றார்கள். 2008-இல் முடிவு வெளியானது: ஜெல் பாதுகாப்பானது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை. அதே கராஜீனன் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக ஓரளவு கைகொடுத்தது. கொரோனா காலத்தில் அர்ஜென்டினாவில் 394 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த சோதனையில், ஸ்ப்ரே அடித்தவர்களில் 1 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. நம்பிக்கை தரும் எண்தான். என்றாலும் சின்ன ஆய்வு.

பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த ஜி.வி.-971 என்னும் மருந்தை அல்சைமர் நோய்க்குச் சீனா 2019-இல் நிபந்தனையோடு அனுமதித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் நடத்தத் தொடங்கிய பெரிய ஆய்வு 2022-இல் பாதியிலேயே நின்றது.

முழுதாக வென்ற ஒன்றும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் பிடித்த கடல் முயல் என்னும் வெளியே ஓடு தெரியாத நத்தையிலிருந்து, டன் கணக்கில் சேகரித்து மில்லிகிராம் கணக்கில், டோலாஸ்டாட்டின் என்ற கடும் நஞ்சைப் பிரித்தெடுத்தார் அமெரிக்க வேதியியலாளர் ஜார்ஜ் பெட்டிட். அதை உண்டாக்குவது நத்தையல்ல, நத்தை மேயும் நீலப்பச்சைப் பாசி என்பது பின்னால்தான் தெரிந்தது. (நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா வகை; பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.) தனியாக உடலில் செலுத்தத் தாங்காத நஞ்சு அது. அதன் மாதிரியில் செயற்கையாகச் செய்த ஒரு மூலக்கூறை, புற்றுச் செல்லை அடையாளம் காணும் ஆன்டிபாடியோடு கோத்தார்கள். பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற அந்த மருந்துக்கு 2011-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று திரும்பி வந்தவர்களுக்கு இது பலன் தருகிறது. நத்தையைச் சேகரித்ததிலிருந்து அனுமதி வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

வாங்கும் முன்

தைராய்டு கோளாறு இருப்பவர்கள் பாசி மாத்திரையை, முக்கியமாகக் கெல்ப் என்னும் பெரிய பழுப்புப் பாசி வகையை, மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஒரு நாளைக்குப் பெரியவருக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம். ஜப்பானியர் சூப்பில் போடும் 'கொம்பு' என்னும் கெல்ப் பாசியில் ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டலாம். அயோடின் உப்பு ஏற்கெனவே சமையலறையில் இருக்கிறது. கூடுதல் அயோடின் தைராய்டைச் சுறுசுறுப்பாக்கவும் செய்யும், முடக்கிப்போடவும் செய்யும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஃபுகோய்டான் என்று எழுதிய டப்பாவை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவது நல்லது. ஆய்வகச் சோதனைகளில் அது ஹெப்பாரினைப் போல ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்களுக்கும் இது பொருந்தும். ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியில் ஆர்செனிக் அதிகம் என்று பிரிட்டனின் உணவுத்துறை 2004-லேயே அதைச் சாப்பிட வேண்டாமென எச்சரித்தது.

ராமேஸ்வரம் போன இடத்தில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியைச் சுத்தமானது என்று அள்ளி வந்து சமைப்பதும் வேண்டாம். கஞ்சிப்பாசி இனத்தையே சாப்பிட்டு 1991-இல் குவாம் தீவில் 13 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். காலங்காலமாக அங்கே சாப்பிட்டு வந்த பாசிதான். அதன் மேல் ஒட்டி வளர்ந்த நீலப்பச்சை நுண்ணுயிர்களிடமிருந்து நஞ்சு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கடைகளில் வரும் அகர், சுத்திகரித்துப் பிரித்தெடுத்த பொருள் என்பதால் அந்தப் பயம் இல்லை.

டப்பாவின் பின்பக்கத்தில் பாசியின் இனப்பெயர், ஒரு மாத்திரையில் அயோடின் எவ்வளவு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் அங்கேயே ஆங்கிலத்தில் இருக்கும். ஊட்டச்சத்துப் பொருட்களுக்கான விதிகள் அதை அச்சிட வேண்டும் என்கின்றன.