தைராய்டு நார்மல், ஆனால் அசதி போகவில்லை

டீசல் லோகோ ஷெட்டில் காலம் கழித்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வைத்தியம் சொல்ல வரவில்லை. ஒரு ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்று மட்டும் சொல்கிறேன். நம் சங்கத்தில் பெண்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. உடம்பு கனக்கிறது, முடி கொட்டுகிறது, பெங்களூரில் ஏப்ரல் மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. தைராய்டு பார்த்தால் நார்மல்!

டீசல் இன்ஜினில் கவர்னர் என்று ஒன்று உண்டு. வேகம் குறைந்தால் எண்ணெயைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிதான் நம் கவர்னர். தைராய்டு சற்றுத் தளர்ந்தாலும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி அதை விரட்டும். ஆகவே டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4.5-க்குள் இருந்தால், பெரும்பாலும் கழுத்துச் சுரப்பி ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். அபூர்வமாகக் கவர்னரே பழுதாவதுண்டு. அப்போது டி.எஸ்.எச். சரியாக இருப்பதுபோல் காட்டும், டி-4 குறைந்திருக்கும். சந்தேகமிருந்தால் ஃப்ரீ டி-4 சோதனையும் செய்யலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். முடி வளர விற்கும் பயோட்டின் மாத்திரையும் சோதனைக் கணக்கைக் குழப்பும். ரத்தம் கொடுக்குமுன் குறைந்தது 2 நாள் அதை நிறுத்தச் சொல்வார்கள்.

தைராய்டு சரி என்றால் அசதி பொய் என்று ஆகிவிடாது. என் மனைவிக்கு மூன்று முறை நார்மல் வந்தது. "வயசாச்சு, மனசை லேசா வெச்சுக்கோ" என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். டாக்டரிடம் அவள் கன்னடத்தில் "சுஸ்து" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். பாதம் மரத்துப் போவதற்குக் கன்னடச் சொல் தெரியாததால் அதைச் சொல்லவே இல்லை. நான்காம் முறை மகள் கூடப் போய் விவரமாகச் சொன்னாள். பார்த்தால் பி-12 மிகக் குறைவு. சுத்த சைவம், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வேறு. அந்த மாத்திரை பி-12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கவனிக்காமல் விட்டால் நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். ஊசி போட்டபின் அசதி தீரச் சில மாதம் ஆயிற்று.

இரும்புச்சத்தும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு காலியாக இருக்கலாம். அதற்கு ஃபெரிட்டின் சோதனை. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும், மனச்சோர்வும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

அக்காவின் தைராக்சின் மாத்திரையைத் தங்கை விழுங்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் அறிகுறி இருந்தும் ரிப்போர்ட் நார்மலான 25 பேருக்குத் தைராக்சினும் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-இல் வெளியான முடிவு: வெற்று மாத்திரையைவிடத் தைராக்சின் மேலாக இல்லை. தேவையில்லாமல் அதிகம் சாப்பிட்டால் இதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் தேதி வாரியாக வையுங்கள். 1.5-ஆக இருந்தது 4.2-ஆக ஏறியிருந்தால், இரண்டுமே நார்மல்தான் என்றாலும், டாக்டர் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு.