கயிறு பிடித்துப் படித்த ஆங்கிலம்



ஆங்கிலம் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, பாடசாலையில் வாங்கிய அடி. மற்றது, ஏதோ ஓர் அலுவலகத்தில் நம் முன்னால் நீட்டப்பட்ட படிவம். இரண்டிலும் நாம் தலைகுனிந்துதான் நின்றிருப்போம். அந்தப் பயத்தை விளையாட்டாலேயே போக்கலாம் என்பதை இறம்பொடையில் நான் கண்டுகொண்டேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியின் அருகே இருக்கிறது இறம்பொடை. ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற பின்னர், ஞாயிறு பின்னேரங்களில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். கொழுந்து பறிப்பவர்கள், வீதியோரம் மரக்கறி விற்பவர்கள், போருக்குப் பின் வன்னியிலிருந்து தாய்வீடு திரும்பியவர்கள் என்று பலவிதமானவர்கள்.

முதல் நாளே ஓர் அக்கா சொன்னார்: "எங்களுக்கெல்லாம் இங்கிலீசு வராதுங்க டீச்சர்."

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. "நீங்கள் தினமும் பேசுகிற ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள்" என்றேன். லயன், செக்ரோல், ஸ்டோர், டிஸ்பென்சரி, சுப்பர்வைசர் என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. மறுபக்கத்தில் ஆங்கிலேயர் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்களை நான் எழுதினேன்: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். "அவங்களும் நம்மகிட்ட வாங்கித்தான் பேசுறாங்களா?" என்று சிரித்தார்கள். பயத்தில் பாதி அன்றே போய்விட்டது.

அந்தச் சிரிப்பிலேயே முதற்பாடமும் வந்தது. கடன் கொடுப்பது 'லென்ட்'. கடன் வாங்குவது 'பொரோ'. படித்தவர்களும் மாற்றிச் சொல்லும் சொற்கள் இவை. 'லென்ட்' என்பது 'சென்ட்' போல ஒலிக்கும். சென்ட் என்றால் அனுப்பு. இரண்டிலும் பொருள் நம் கையைவிட்டுப் போகிறது. 'பொரோ'வில் முதலெழுத்து பொ. வாங்கியவருக்குத்தானே திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு! ஒருவர் சீனி கேட்க, மற்றவர் கொடுக்க, சொல்லை மாற்றிச் சொன்னவர் அன்றைய தேநீரை ஊற்ற வேண்டும். இதுதான் எங்கள் விளையாட்டு.

தெரிந்த மெட்டில் தெரியாத பாடம்

விளையாட்டாகச் சொல்வதை மட்டமாக நினைக்கக் கூடாது. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தோட்ட மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலேயே உரிமைப் பாடல்களைப் பாடிப் பரப்பினார். மெட்டு தெரிந்ததாக இருந்ததால் செய்தி மனத்தில் தங்கியது. நாங்களும் அதே வழியில், தெரிந்த தமிழைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஆங்கிலத்துக்குப் போனோம்.

'சிக்கன்', 'கிச்சன்' இரண்டும் குழம்பும். கிச்சன் என்றால் குசினி. இரண்டும் ககர வரிசையில் தொடங்குகின்றன. மிஞ்சியது கோழிதான்.

'அக்செப்ட்' என்றால் ஏற்றுக்கொள். 'எக்செப்ட்' என்றால் தவிர. அகரத்தில் வருவதை அணைத்துக்கொள், எகரத்தில் வருவதை எடுத்துவிடு.

'ஃபெல்' என்றால் விழுந்தேன். 'ஃபெல்ட்' என்றால் உணர்ந்தேன். மழைநாளில் மலைச்சரிவில் வழுக்கினால் ஃபெல். அதனால் மனத்தில் ஏதோ தட்டினால், 'ட்' சேர்த்து ஃபெல்ட்.

சொற்கள் குழம்பினால் வெட்கப்பட வேண்டாம் என்று அடிக்கடி சொல்வேன். தமிழிலும் வலி, வழி. ஒலி, ஒளி, ஒழி என்று மயங்கொலிச் சொற்கள் இருக்கின்றன. எந்த மொழியைப் படிப்பவருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

ஜன்னலா, விதவையா?

ஒரு ஞாயிறு, மாதிரிப் படிவம் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தேன். குடும்ப நிலை என்ற இடத்தில் இருந்த 'விடோ' என்ற சொல்லை ஒரு தங்கச்சி 'விண்டோ' என்று வாசித்தாள். "படிவத்துல எதுக்குங்க டீச்சர் ஜன்னலக் கேக்குறாங்க?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, நடுவில் 'ன்' வந்தால் ஜன்னல், வராவிட்டால் விதவை என்று விளக்கினேன்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய குடும்பம் 1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. அவர் வளர்ந்ததும் திருமணம் செய்ததும் அங்கேதான். 2009இல் கணவர் காணாமற்போனார். பிள்ளைகளோடு உறவினரைத் தேடி இறம்பொடைக்கு வந்தார். வந்த புதிதில் ஓர் உதவிக்காக ஆங்கிலப் படிவம் ஒன்றை யாரோ நிரப்பிக் கொடுக்க, அவர் கையெழுத்து வைத்திருக்கிறார். அதில் எந்தச் சொல்லுக்கு நேரே அடையாளம் இடப்பட்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

"அவரு செத்துட்டாருன்னு நான் எங்கயுமே சொன்னதில்லீங்க டீச்சர். என் கையெழுத்து சொல்லிருச்சு" என்றார்.

அன்று அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

ஆணியும் கயிறும்

அடுத்த ஞாயிறு காலங்களைப் படிப்பதாக இருந்தது. இறந்தகாலம், நிகழ்காலம் என்று பெயர் சொன்னால் தூக்கம் வரும். ஆகவே தரையில் நேற்று, இன்று, நாளை என்று மூன்று கோடுகள் போட்டேன். கொழுந்துக்கூடையுடன் 'நேற்று' கோட்டில் நிற்பவர் 'ஐ பிளக்ட்', பறித்தேன் என்பார். 'இன்று' கோட்டில் நிற்பவர் 'ஐ ஆம் பிளக்கிங்', பறிக்கிறேன் என்பார். 'நாளை'க்குத் தாவுபவர் 'ஐ வில் பிளக்', பறிப்பேன் என்பார்.

ஆனால் நேற்றுத் தொடங்கி இன்னும் முடியாத ஒன்றை எப்படிச் சொல்வது? அதற்குக் கூடைக் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு முனையை 'நேற்று' கோட்டில் ஒரு கல்லை வைத்து அழுத்தினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு 'இன்று' கோட்டில் நிற்க வேண்டும். கயிறு கையில் இருக்கும்வரை 'ஹாவ் பீன்' அல்லது 'ஹாஸ் பீன்'. கயிற்றை விட்டுவிட்டால் வெறும் 'வாஸ்'.

'சின்ஸ்', 'ஃபோர்' என்ற குழப்பமும் இதே கயிற்றில் தீர்ந்தது. கயிறு கட்டியிருக்கும் ஆணிதான் சின்ஸ். அது தொடங்கிய நாளைச் சொல்லும். கயிற்றின் நீளம்தான் ஃபோர். அது எவ்வளவு காலம் என்பதைச் சொல்லும். 'சின்ஸ் மன்டே' என்றால் திங்கட்கிழமை தொடக்கம். 'ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்றால் மூன்று நாட்களாக.

ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்தார்கள். ஒருவர் இந்தத் தோட்டத்தில் இருபது வருடமாக வேலை செய்வதைச் சொன்னார். மற்றவர் காலையிலிருந்து தலைவலி என்றார். வன்னியிலிருந்து வந்தவரின் முறை வந்தது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாக, ஒரு பிழையுமில்லாமல் சொன்னார்:

"மை ஹஸ்பண்ட் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009."

என் கணவர் 2009 முதல் காணாமற்போயிருக்கிறார். கயிற்றின் முனை அவர் கையிலேயே இருந்தது.

அந்த வாக்கியத்தை ஒரு கடதாசியில் எழுதித் தரும்படி கேட்டார். "எழுதித் தரமாட்டேன். நீங்களே எழுதுங்கள்" என்றேன். எழுதினார். அடுத்து வந்த படிவத்தில், விதவை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கணவரைப் பற்றிய பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பொய்யான ஒரு சொல்லுக்கு இனிக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார்.

அவரைப் போன்றவர்கள் அறிய வேண்டிய இன்னொரு சொல் 'அப்சன்ஸ்'. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது வராத பிள்ளையை அப்சண்ட் என்போமே, அதே சொல்தான். 2016இல் மரணப் பதிவு தொடர்பான சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, காணாமற்போனவரின் உறவினர் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக 'சர்ட்டிபிகேட் ஒஃப் அப்சன்ஸ்' என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 'டெத்' என்றால் இறப்பு. 'அப்சன்ஸ்' என்றால் இங்கே இல்லாமை. இவ்விரண்டையும் பிரித்தறிவது நமக்கு வெறும் இலக்கணம் அல்ல.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே எந்த அரச அலுவலகத்திலும் முதலில் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் தந்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய வகுப்பறை தேவையில்லை. மூன்று பேர் சேர்ந்தால் போதும். வாரத்துக்கு ஐந்து சோடிச் சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கலந்து வையுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் நம்மைத் திருத்தும்போது சிரியுங்கள். ஒரு கயிற்றை எடுத்து ஒரு முனையைக் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அது பிழையாக வந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்ளலாம்.